கண்ணாடியில் யார் கையெழுத்து?

குற்றால சீஸனுக்குக் கார் எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு சிவகிரியைத் தெரிந்திருக்கும். அதாவது, கடந்து போன ஊராகத் தெரிந்திருக்கும்! மதுரைப் பக்கமிருந்து வந்தால் ராஜபாளையம், சேத்தூர், அப்புறம் சிவகிரி. வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே நடந்து வரும். ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். 1783-ல் கர்னல் ஃபுல்லர்ட்டன் கும்பினிப் படையோடு வந்து மோதியது இந்த மலையடிவாரத்துக் காட்டில்தான். ரொம்ப நாள் சங்கரன்கோவிலோடு சேர்த்தே பேசப்பட்ட ஊர், 2019-லிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

எனக்கு சிவகிரி மறக்காமல் போனதற்குக் காரணம் கர்னலும் இல்லை, ஜமீனும் இல்லை. ஒரு துக்கடா ஜல்லிக் கல்!

முன்னால் ஒரு டிப்பர் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் டயரிலிருந்து புறப்பட்ட கல், என் கார் முன்கண்ணாடியில் 'டிக்' என்று ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. பட்டாணி அளவுக்கு ஒரு நட்சத்திரம். 'போனால் போகட்டும்' என்று ஏ.சி.யைக் கூட்டி வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன். வாசுதேவநல்லூரில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெளியே வெயில், உள்ளே ஏ.சி. குளிர், இரண்டுக்கும் நடுவில் அந்த நட்சத்திரத்துக்கு வால் முளைத்திருந்தது! கண்ணாடியின் பாதி தூரம் வரை ஒரு கோடு.

கண்ணாடி மாற்றும் கடைத் தம்பி விரலால் கோட்டைத் தடவிப் பார்த்தார். "இது ஒட்டுப் போடுத கேஸ் இல்ல அண்ணாச்சி. மாத்தத்தான் செய்யணும். கம்பெனிக் கண்ணாடி வேணுமா, வெளிக் கண்ணாடி போடட்டுமா? வெளிக் கண்ணாடின்னா பாதிக் காசுதான். பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது."

"நிஜமாவே தெரியாதா தம்பி?"

"கண்ணாடின்னாலே பார்த்தா தெரியக் கூடாதுல்லா!"

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிட்டது. கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கலாம். வேட்டியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே தன் வேலை என்று இருக்கிற ஒரு பொருளை, எதைப் பார்த்து வாங்குவது?

இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. பதில் சொல்லியிருப்பவர்களில் ஒருவர், அதற்காகத் தன் கண்ணையே கொடுத்தவர். அவரைப் பார்ப்பதற்கு முன் பாரிஸ் நகரத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம்.

* * *

1903-ம் ஆண்டு. எட்வர்ட் பெனடிக்டஸ் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். ஓவியர், அலங்காரக் கலைஞர், அதோடு கெமிஸ்ட்ரி பைத்தியம். ஒரு நாள் அவருடைய பரிசோதனைக்கூடத்தில் உயரத்திலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை தவறி விழுந்தது. உடைந்தது. ஆனால், சிதறவில்லை! உடம்பெல்லாம் விரிசலோடு உருவம் மாறாமல் அப்படியே கிடந்தது. எடுத்துப் பார்த்தால், எப்போதோ அதில் ஊற்றி வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்துபோய், உட்பக்கத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அந்தத் தோல்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது.

அப்போது கார்கள் புதுசு. அவற்றின் முன்கண்ணாடி, வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற அதே சாதா கண்ணாடி. மோதினால் கத்திகளாக மாறி முகத்தைக் கிழிக்கும். அந்த மாதிரி விபத்துச் செய்திகளைப் படித்தபோதுதான் குடுவை ஞாபகம் வந்தது என்று பெனடிக்டஸ் சொல்லியிருக்கிறார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு செல்லுலாய்ட் தாளை வைத்து அழுத்தி ஒட்டினார். மொத்தம் மூன்று அடுக்கு. அதனால் பெயர் 'ட்ரிப்ளெக்ஸ்'. 1909-ல் காப்புரிமையும் வாங்கினார்.

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், கோவில்பட்டி கடலைமிட்டாய். உடைத்தாலும் வெல்லப்பாகு கடலையை விடாது அல்லவா? அதே சங்கதி!

கார் கம்பெனிகள் ஓடி வந்து வாங்கியிருக்க வேண்டுமே? இல்லை. விலை ஜாஸ்தி. விபத்து நடந்தால் அது ஓட்டுகிறவன் பாடு, எங்களுக்கென்ன என்றிருந்தார்கள். முதலில் மரியாதை கொடுத்தது யுத்தம். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண்ணுக்கு ட்ரிப்ளெக்ஸ் போனது. அப்புறம்தான் கார். 1927-ன் கடைசியில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட 'மாடல் ஏ' கார், நடுத்தர வர்க்கம் வாங்குகிற விலையில் பாதுகாப்புக் கண்ணாடியோடு வந்தது. விளம்பரப் புத்தகத்திலும் அதைப் பெருமையாக அச்சடித்தார்கள். 'சிதறாத கண்ணாடி... எவ்வளவு பலமாக அடிபட்டாலும் பறக்காது, உடைந்து தெறிக்காது' என்கிற தோரணையில்.

கண்ணை இழந்தவர் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான்.

* * *

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பாக்ஸ்டர் என்பவர் 1930 மே மாதம் ஒரு ஃபோர்டு 'மாடல் ஏ' வாங்கினார். விளம்பரப் புத்தகத்தைப் படித்து, நம்பி வாங்கினார். அதே வருடம் அக்டோபரில், ஸ்னோகுவால்மி கணவாய் என்கிற மலைப் பாதையில் போய்க்கொண்டிருந்தார். எதிரே கடந்துபோன ஒரு காரின் சக்கரத்திலிருந்து ஒரு கூழாங்கல் தெறித்தது. கண்ணாடியில் பட்டது. சிதறாது என்று சொன்ன கண்ணாடி, சிதறியது. சில்லுகள் இடது கண்ணில் பாய்ந்து, அந்தக் கண் போய்விட்டது. வலது கண் பார்வையும் பாதிக்கப்பட்டது.

மலைப் பாதை, எங்கிருந்தோ வந்த ஒரு கல். சிவகிரியில் எனக்கு நடந்ததற்கும் அவருக்கு நடந்ததற்கும் வித்தியாசம் என்ன? என் கண்ணாடிக்கு வால் முளைத்தது. அவருக்குக் கண் போனது. அவ்வளவுதான்!

பாக்ஸ்டர் வழக்குப் போட்டார். காரை விற்ற டீலர் மேல், ஃபோர்டு கம்பெனி மேல், இருவர் மேலும். கீழ்க்கோர்ட்டில் இரண்டும் எடுபடவில்லை. அன்றைய சட்டம் அப்படி. பொருளில் குறை என்றால், யாரிடம் காசு கொடுத்து வாங்கினாயோ அவனைக் கேள். தயாரித்தவனுக்கும் உனக்கும் என்ன ஒப்பந்தம்?

நான் பி.காம். படித்தவன். வணிகச் சட்டம் பேப்பரில் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தது, 'வாங்குகிறவனே, ஜாக்கிரதை' என்ற கோட்பாடு. நம் நாட்டின் சரக்கு விற்பனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1930 ஜூலை 1. அதாவது, பாக்ஸ்டர் கார் வாங்கியதற்கும் கண்ணை இழந்ததற்கும் நடுவில்! அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவில் இந்த 'ஜாக்கிரதை' இருக்கிறது. சில விதிவிலக்குகளும் இருக்கின்றன. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி. ஆனால், கண்ணாடி மாதிரி ஒரு பொருளில் எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சுத்தியலால் அடித்துப் பார்த்தா வாங்க முடியும்?

வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1932-ல் கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான். 'சாதாரண மனிதன் ஒருவன் பார்த்து, சோதித்துக் கண்டுபிடிக்க முடியாத குணம் இது. அந்தக் குணம் இருக்கிறது என்று அச்சடித்துச் சொல்லி ஆசை காட்டி விற்றுவிட்டு, பிறகு உனக்கும் எனக்கும் ஒப்பந்தமே இல்லையே என்று நழுவுவது நியாயமா?' என்கிற ரீதியில் போனது தீர்ப்பு. டீலரை விட்டுவிட்டார்கள். ஃபோர்டு மேல் வழக்கு நிற்கும் என்றார்கள்.

மறுவிசாரணை நடந்தது. 'இதைவிட நல்ல கண்ணாடி யாருமே செய்வதில்லை' என்று ஒரு நிபுணரை வைத்து நிரூபிக்கப் பார்த்தது கம்பெனி. கேள்வி அதுவல்ல, நீ சொன்னது நிஜமா என்பதுதான் கேள்வி என்றாகிவிட்டது. 1934-ல் பாக்ஸ்டருக்கே வெற்றி. கண் மட்டும் திரும்ப வரவில்லை.

உற்பத்தியாளர் தான் சொன்ன வார்த்தைக்கு நேரடியாக வாங்குபவருக்குப் பொறுப்பு என்ற எண்ணத்தை வளர்த்த வழக்குகளில் இதுவும் ஒன்று. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். நம் ஊரிலும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரித்தவர், விற்றவர், பொருத்தித் தந்தவர் என்று மூன்று பேரின் பொறுப்பையும் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டார்கள். விதையைத் தேடிப் போனால், இப்படி எங்கோ ஒரு மலைப் பாதையில் ஒரு கூழாங்கல் கிடக்கும்.

* * *

அந்தக் காலத்து ட்ரிப்ளெக்ஸுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. நடுவில் இருந்த செல்லுலாய்ட் வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். சில வருடத்தில் மஞ்சள் காமாலை வந்த கண் மாதிரி ஆகிவிடும் கண்ணாடி! 1930-களின் கடைசியில் 'பாலிவினைல் ப்யூட்டிரல்' என்று ஒரு பிளாஸ்டிக் வந்து அதைத் தீர்த்தது. இன்று வரைக்கும் நம் காரில் இருப்பது அந்த வம்சம்தான். 1966 மாடல் அமெரிக்கக் கார்களில் அதன் கனத்தை இரண்டு மடங்காக்கி, 0.76 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் தடிமன். தலை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், கழுத்தும் முகமும் கிழிபடுவது வெகுவாகக் குறைந்தது.

இதற்குப் போட்டியாக வேறொரு ஜாதிக் கண்ணாடியும் உண்டு. சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து இறுக்குகிற 'டஃபண்ட்' கண்ணாடி. 1874-லேயே பிரான்ஸில் தெ லா பாஸ்டி என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சாதா கண்ணாடியைவிடப் பல மடங்கு பலம். உடைந்தால் கத்தியாகாது, கற்கண்டாகும். பொலபொலவென்று கொட்டிவிடும். அதனால் கதவுக் கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இன்றுவரை அதுதான். விலையும் மலிவு.

ஆனால் முன்கண்ணாடிக்கு? நம் பழைய அம்பாஸடர், லாரி, பஸ்களில் பெரும்பாலும் முன்பக்கமும் அதுதான் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கல் பட்ட அடுத்த நொடி, கண்ணாடி முழுக்கப் பனி விழுந்த மாதிரி வெள்ளை. சாலை காணாமல் போய்விடும். டிரைவர் வண்டியை ஓரம்கட்டுவதற்குள் உயிர் போய் வரும். சிலர் துணியைச் சுற்றிய கையால் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்து ஓட்டி வந்து சேர்வார்கள். அப்படி வந்த பஸ்ஸில், ஸீட்டெல்லாம் கற்கண்டு கிடக்க, காற்று முகத்தில் அறைய உட்கார்ந்து வந்தவன்தான் நானும்.

இங்கே ஒரு விதி வந்தது. 1989 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் அமலுக்கு வந்தபோது, நூறாவது விதியாக கண்ணாடி விவகாரம் இடம்பிடித்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு தயாராகிற வாகனங்களில் முன்கண்ணாடி 'லேமினேட்டட்', அதாவது கடலைமிட்டாய் ஜாதியாகத்தான் இருக்கவேண்டும் என்றார்கள். 1999-ல் அதைத் திருத்தி, இந்தியத் தர நிர்ணய எண்ணையும் சேர்த்தார்கள். ஐ.எஸ். 2553, பகுதி 2. இந்த எண்ணை மறக்காதீர்கள். கதையின் கடைசியில் உங்களுக்கு வேண்டியிருக்கும்!

அதே நூறாவது விதியில்தான் முன்கண்ணாடி வழியாக குறைந்தது 70 சதவிகிதம் வெளிச்சம் வரவேண்டும் என்றும் இருக்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஸ்டிக்கருக்குத் தடை போட்டதே, அது இதை வைத்துத்தான்.

* * *

சரி, கம்பெனிக் கண்ணாடி, கம்பெனிக் கண்ணாடி என்கிறோமே... எந்தக் கம்பெனி?

ஒரு ரகசியம் சொல்கிறேன். உங்கள் கார் கம்பெனி கண்ணாடி செய்வதே இல்லை! வெளியில் வாங்கித்தான் மாட்டுகிறது.

மாருதியின் முதல் கார் 1983 டிசம்பரில் வெளியே வந்தது. அதற்கு நல்ல கண்ணாடி வேண்டுமே? 1984-ல் ஜப்பானின் அசாஹி நிறுவனம், மாருதி எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஒரு கண்ணாடி நிறுவனம் பிறந்தது. 1987-ல் ஹரியானாவின் பாவலில் உற்பத்தி ஆரம்பம். இன்றைக்கு அதன் பெயர் அசாஹி இந்தியா. நம் பக்கம் வந்தால், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்தது. 1998-ல் சான்ட்ரோ ஓடியது. 2000-ல் பக்கத்திலேயே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைனின் கண்ணாடித் தொழிற்சாலை. யார் இந்த செயின்ட் கோபைன் தெரியுமா? 1665-ல் பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் தொடங்கப்பட்ட ராஜாங்கக் கண்ணாடிப் பட்டறை! வெர்சாய் அரண்மனையில் 357 கண்ணாடிகள் வைத்த புகழ்பெற்ற மண்டபம் இருக்கிறதே, அதற்குக் கண்ணாடி செய்து கொடுத்தவர்கள். ராஜா முகம் பார்த்த கண்ணாடியின் வாரிசு, வாலாஜாபாத் பஸ் போகிற வழியில் உட்கார்ந்திருக்கிறது!

அங்கே கண்ணாடி எப்படிப் பிறக்கிறது என்பது முக்கியம். பழைய காலத்தில் பாட்டி வீட்டு ஜன்னலில் பார்த்திருப்பீர்கள், தெருவில் போகிறவர் நெளிந்து நெளிந்து போவார். கண்ணாடி சமமாக இல்லாததால் வந்த நெளிவு. இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் என்ற எஞ்சினீயர் 1952-லிருந்து ஏழு வருடம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். சுமார் 70 லட்சம் பவுண்டு செலவு. 1959-ல் வழியை அறிவித்தார். உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டால், பால் மேல் ஏடு மாதிரி தானாகவே சமமாகிவிடும். தேய்க்க வேண்டாம், மெருகேற்ற வேண்டாம். இதுதான் 'ஃப்ளோட்' கண்ணாடி.

ஆனால் காரின் முன்கண்ணாடி தட்டையாக இருப்பதில்லையே? இரண்டு ஃப்ளோட் தகடுகளை அச்சில் வைத்து, சூளையில் ஒன்றாக வளைத்து, நடுவில் பிளாஸ்டிக்கை வைத்து, பிரெஷர் குக்கரின் தாத்தா மாதிரி ஒரு கொப்பரையில் அழுத்தி வேகவைக்கிறார்கள். வளைவில் கொஞ்சம் பிசகினாலும் பாட்டி வீட்டு நெளிவு திரும்பி வந்துவிடும். பகலில் தெரியாது. ராத்திரியில், மழையில், எதிரே வருகிற பஸ்ஸின் ஒரு ஹெட்லைட் இரண்டாகத் தெரியும். தலைவலிக்கும். 'வயசாயிடுச்சு போல' என்று கண் டாக்டரிடம் போவோம்!

* * *

இப்போது கடைத் தம்பியின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டது இரண்டு கண்ணாடி பற்றி. நிஜத்தில் இருப்பது மூன்று.

முதலாவது, கார் கம்பெனியின் சின்னமும் கண்ணாடி செய்தவர் சின்னமும் சேர்ந்து இருப்பது. ஷோரூமில் கிடைக்கும். விலை அதிகம்.

இரண்டாவது, கண்ணாடி செய்தவர் சின்னம் மட்டும் இருப்பது. கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிற அதே நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் வெளிச் சந்தையிலும் விற்கின்றன. இதுவும் 'வெளிக் கண்ணாடி'தான். விலை குறைவு. காரணம், கார் கம்பெனியின் பெயருக்கும் ஷோரூமுக்கும் நீங்கள் காசு கொடுப்பதில்லை. அதற்காக இரண்டும் எப்போதும் இரட்டைப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தத்தைக் குறைக்கும் விசேஷ நடு அடுக்கு, மழை சென்ஸாருக்கான இடம், மேலே பச்சைப் பட்டை, இதெல்லாம் உங்கள் மாடலில் இருந்தது போலவே இதிலும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, மூலையில் எதுவுமே இல்லாதது. அல்லது படிக்க முடியாத ஏதோ ஒன்று இருப்பது. இதுவும் 'வெளிக் கண்ணாடி'தான்! கடைக்காரர் பாஷையில் இரண்டுக்கும் ஒரே பெயர். வம்பே இங்கேதான்.

என் கார் கண்ணாடியின் மூலையை அன்றைக்குத்தான் முதன்முதலாக உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருடமாக வரி கட்டும் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ புள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை. ஐ.எஸ். 2553 என்ற எண். 'லேமினேட்டட்' என்ற வார்த்தை. சி.எம்., எல். என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு உரிம எண். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால், அது யாருடையது என்று வந்துவிடும்.

இந்த முத்திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இதே மாதிரியான ஐ.நா.வின் 43-ம் எண் விதியைப் பாருங்கள். இரண்டேகால் கிலோ இரும்புக் குண்டை நான்கு மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடித் துண்டின் மேல் போடுகிறார்கள். கண்ணாடி உடையலாம், குண்டு அடுத்த பக்கம் போகக் கூடாது. பத்துக் கிலோவில் மனிதத் தலை மாதிரி ஒன்றைச் செய்து போடுகிறார்கள். கொதிக்கும் சூட்டில் வைக்கிறார்கள். பிம்பம் நெளிகிறதா, விளக்கு இரண்டாகத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள்.

பாக்ஸ்டர் கண்ணைக் கொடுத்துச் செய்த சோதனையை, உங்களுக்குப் பதிலாக வேறொருவர் சோதனைச்சாலையில் செய்து, 'நான் பொறுப்பு' என்று போட்ட கையெழுத்து அது! பார்த்துத் தரம் தெரியாத பொருளுக்கு, கையெழுத்துதான் தரம். கையெழுத்து இல்லாத செக்கில் தொகை எவ்வளவு எழுதியிருந்தால் என்ன? பேங்கில் வாங்க மாட்டார்கள்.

* * *

'பாதிக் காசு' கணக்கையும் பார்த்துவிடலாம். காமர்ஸ் படித்தவனுக்கு இது இல்லாமல் தூக்கம் வராது.

உங்களிடம் முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவிகிதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. வண்டி எத்தனை வயசானாலும்! 1500 சி.சி. வரை உள்ள காருக்கு ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் இரண்டாயிரம் ரூபாய் நீங்கள் கட்டாயமாகக் கைக்காசு போட வேண்டும். ஆனால் ஒன்று, க்ளெய்ம் செய்தால் 'நோ க்ளெய்ம் போனஸ்' போய்விடும். முதல் வருடம் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து ஐந்து வருடத்தில் 50 சதவிகிதம் வரை ஏறுகிற தள்ளுபடி அது. அதனால் கண்ணாடி விலையையும், அடுத்த வருடம் இழக்கப் போகிற தள்ளுபடியையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். போனஸைக் காப்பாற்றும் கூடுதல் திட்டம் எடுத்திருந்தால் கவலை இல்லை. வெறும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் என்றால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது.

கல் பட்ட அன்றைக்கே, நட்சத்திரம் சிறிதாக இருக்கும்போதே போயிருந்தால், பிசின் ஊற்றி அடைத்துச் சில நூறு ரூபாயில் முடித்திருக்கலாம் என்றும் தம்பி சொன்னார். டிரைவரின் பார்வைக்கு நேரே இல்லாத சின்னப் புள்ளியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாசுதேவநல்லூர் டீ எனக்கு ரொம்பக் காஸ்ட்லி டீ!

இன்னொரு விஷயம். முன்பெல்லாம் கண்ணாடியை ரப்பர் பீடிங்கில் சொருகுவார்கள். இப்போது யூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். ஒட்டிய கண்ணாடி காரின் எலும்புக்கூட்டில் ஒரு பாகம். கார் உருண்டால் கூரை நசுங்காமல் கொஞ்சம் தாங்குவது அது. நம் நாட்டில் 2019 ஜூலையில் டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயமானது. 2021-லிருந்து படிப்படியாகப் பக்கத்து ஸீட்டுக்கும். பல கார்களில் அந்தப் பக்கத்து ஸீட் ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் முட்டுக்கொடுத்துத்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. பசை காயாமல் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனால், ஏர்பேக்கும் அதோடு போகும். அங்கே உட்கார்ந்திருப்பது உங்கள் மனைவி, அல்லது அம்மா.

எவ்வளவு உசத்தியான கண்ணாடியாக இருந்தாலும், தூசியைத் துடைக்காமல், ப்ரைமர் பூசாமல், அவசர அவசரமாக ஒட்டினால் குப்பைதான். பசை டப்பாவிலேயே எத்தனை மணி நேரம் காயவிட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அதைக் கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த புது ரக வண்டி என்றால், கண்ணாடி மாற்றிய பிறகு கேமராவின் பார்வையைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கை வைக்காதீர்கள். அதற்கு ஷோரூம்தான் லாயக்கு.

* * *

கடைத் தம்பி இரண்டு 'வெளிக் கண்ணாடி'களைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். ஒன்றின் மூலையில் எல்லாம் இருந்தது. மற்றொன்றில் மழமழவென்று ஒன்றுமே இல்லை. இதன் விலை அதைவிட இன்னும் குறைவு.

"ரெண்டும் ஒண்ணுதாம் அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தவர், நான் மூலையைத் தடவுவதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, உங்க சொந்த வண்டிக்கு எதைப் போடுவீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்து இருந்த கண்ணாடியை நோக்கி மெதுவாகக் கையைக் காட்டினார். என் காரில் கேமராவும் இல்லை, சென்ஸாரும் இல்லை. அதையே போடச் சொன்னேன். பில்லில் கண்ணாடி செய்தவர் பெயரையும் அந்த உரிம எண்ணையும் எழுதச் சொன்னேன். விநோதமாகப் பார்த்தாலும் எழுதிக் கொடுத்தார்.

ஒட்டி முடித்ததும், "கிளம்புங்க அண்ணாச்சி, மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது" என்றார். பசை டப்பாவை வாங்கிப் படித்தேன். அதில் போட்டிருந்த நேரம் முடியும் வரை எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளிக் கண்ணாடியா, கம்பெனிக் கண்ணாடியா என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள். முதலில் உங்கள் காருக்குப் போய், இப்போது இருக்கிற கண்ணாடியின் மூலையைக் குனிந்து படியுங்கள். அங்கே யாராவது கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இல்லையென்றால், முன்னால் டிப்பர் லாரி போகும்போது கொஞ்சம் தள்ளியே போங்கள்!